காடி நெடியும் வெள்ளிப் பொடியும்

2024-ஆம் ஆண்டு நவம்பர் 30-ஆம் தேதி இரவு பெஞ்சல் புயல் புதுச்சேரியை ஒட்டிக் கரை கடந்து, மறுநாள் காலைக்குள் 46 சென்டிமீட்டருக்கும் மேலான மழையை ஊர்மீது கொட்டிவிட்டுப் போனபோது, நாங்கள் குடியிருக்கும் லாஸ்பேட்டை மேட்டுப்பாங்கான செம்மண் பூமி, நமக்கு வெள்ள பயம் இல்லை என்று நாங்கள் கொண்டிருந்த தைரியம் தண்ணீர் விஷயத்தில் பலித்ததே ஒழிய, ஈரத்தின் விஷயத்தில் பலிக்கவில்லை. தளம் ஊறிக் கசிந்து, பரணில் இருந்த பாத்திரங்களும் பாய்களும் பழைய பஞ்சாங்கங்களும் ஒவ்வொன்றாக இறங்கி வெயிலுக்கு வந்தன. அவற்றோடு, நாலு பக்கமும் துருவேறி, மூடியின் விளிம்பில் பிளாஸ்திரி சுற்றிக் காற்றுப் புகாதபடி அடைக்கப்பட்டிருந்த ஒரு பிஸ்கட் டின்னும் இறங்கிற்று. பிளாஸ்திரியை உரித்து மூடியை நெம்பித் திறந்த மாத்திரத்தில், மூக்கைத் துளைத்துக்கொண்டு காடி நெடி கிளம்பியது. மறந்துபோன ஊறுகாயோ என்று முதலில் நினைத்தேன். உள்ளே இருந்தவை சுருள் சுருளாகப் பிலிம் நெகடிவ்கள்.

அவை என் பெரியப்பாவுடையவை. பிரெஞ்சு ராணுவத்தில் ஊழியம் செய்து பென்ஷன் வாங்கியவர்களைப் புதுவையில் ‘சொல்தா’ என்று சொல்வது வழக்கம்; பெரியப்பாவும் ஒரு சொல்தா. 1955-இல் சைகோனிலிருந்து ஊர் திரும்பியபோது அவர் கொண்டுவந்த சாமான்களில், பிரான்ஸ் தேசத்தில் செய்யப்பட்ட ‘போக்கா’ என்னும் 35 மில்லிமீட்டர் காமிரா ஒன்றும் இருந்தது. அதைக் கொண்டு பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் அவர் எடுத்த படங்களின் நெகடிவ்கள்தாம் அந்த டின்னில் இருந்தவை. என் தகப்பனார் பின்னாளில் ஆக்பா கிளிக் 3 காமிராவில், ஊட்டியில் தயாரான ‘இந்து’ பிலிமைப் போட்டு, ரோலுக்குப் பன்னிரண்டு சதுரப் படமாக எடுத்தவையோ, ஸ்டூடியோக்காரர் கழுவிக் கொடுத்த காகித உறைகளிலேயே மர பீரோவின் அடித்தட்டில் கிடந்தன. பத்திரமாக இருக்கட்டும் என்று பெரியம்மா காற்றுப் புகாமல் அடைத்து வைத்தவை கெட்டுப்போயின. யாரும் அக்கறை காட்டாமல் காகிதத்தில் கிடந்தவை பெரும்பாலும் பிழைத்துக்கொண்டன. வயதின் வித்தியாசம் ஒரு காரணம் என்றாலும், அது மட்டுமே காரணமன்று என்பதைப் போகப் போகத் தெரிந்துகொண்டேன்.

காமிரா கைப்பேசிக்குள் அடங்கிவிட்ட இந்நாளில், நெகடிவ் என்பது என்ன என்பதை ஒருமுறை நினைவுபடுத்திக்கொள்வது அவசியம். 1839-இல் பாரிஸ் நகரத்தில் தாகேர் என்பவர் வெளியிட்ட முறையில், வெள்ளி முலாம் பூசிய தகட்டின்மீது ஒரே ஒரு படம்தான் கிடைக்கும். அதற்குப் பிரதி கிடையாது. இங்கிலாந்தில் டால்பட் என்பவர் அதற்கு நாலு ஆண்டுகளுக்கு முன்பே, 1835 ஆகஸ்டில், தம் மாளிகையின் ஜன்னலைத் தபால்தலை அளவுள்ள காகிதத்தில் பதிய வைத்திருந்தார். வெளிச்சம் கறுப்பாகவும் இருள் வெளுப்பாகவும் அதில் தலைகீழாக விழுந்திருந்தன. குறையாகத் தோன்றிய அந்தத் தன்மையே வரமாயிற்று. அந்தக் காகிதத்தை இன்னொரு காகிதத்தின்மீது வைத்து வெயிலில் காட்டினால், தலைகீழ் மறுபடி தலைகீழாகி, நேர்ப்படம் வேண்டிய மட்டும் கிடைக்கும். இவ்விரண்டுக்கும் நெகடிவ், பாசிடிவ் என்று 1840-இல் பெயர் சூட்டியவர் வானசாஸ்திர நிபுணரான ஜான் ஹெர்ஷல். படத்தை நிலைநிறுத்தும் ‘ஹைப்போ’வின் குணத்தை 1819-லேயே கண்டறிந்தவரும் அவரே. இந்த முறை நம் நாட்டுக்கு வரத் தாமதமாகவில்லை. 1858-இல் லின்னேயஸ் டிரைப் என்னும் ராணுவ அதிகாரி, மெழுகு ஊட்டிய காகித நெகடிவ்களைக் கொண்டு மதுரையையும் தஞ்சையையும் படம் பிடித்தார். தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டு வரிகளை 21 படங்களாக எடுத்து ஒட்டி, ஏறத்தாழ 19 அடி நீளமுள்ள ஒரே படமாக அவர் ஆக்கியிருப்பதைக் காணும்போது, அந்த வெயிலில் அந்தப் பெட்டி காமிராவைத் தூக்கி நகர்த்திய கூலியாட்களையும் நினைக்காமலிருக்க முடியவில்லை.

பிலிமின்மீது பூசப்பட்டிருக்கும் மெல்லிய படலம் ஜெலட்டின், அதாவது மாட்டின் தோலிலிருந்தும் எலும்பிலிருந்தும் காய்ச்சி எடுக்கப்படும் வஜ்ஜிரம். அந்த வஜ்ஜிரத்துக்குள் வெள்ளியும் புரோமினும் சேர்ந்த உப்பின் நுண்ணிய படிகங்கள் எண்ணிறந்தவை சிதறிக் கிடக்கின்றன. ஒவ்வொரு படிகத்திலும் நூறு கோடி என்னும் கணக்கில் வெள்ளி அயனிகள் அடங்கியிருக்க, காமிராவின் கதவு கண்ணிமைக்கும் நேரம் திறந்து மூடும்போது உள்ளே வரும் ஒளி, ஒரு படிகத்தில் மூன்று நான்கு வெள்ளி அணுக்களை மட்டும் விடுவித்தாலும் போதும். அந்தப் படிகம் ஒளி பட்டதாகக் குறி இடப்பட்டுவிடுகிறது. அந்தக் குறியை எந்தக் கண்ணாலும் காண இயலாது. இருட்டறையில் டெவலப்பர் திராவகத்தில் இட்டவுடன், குறி பெற்ற படிகம் முழுவதும் கறுத்த வெள்ளிப் பொடியாக மாறுகிறது. குறி பெறாத படிகத்தை ஹைப்போ கரைத்துக் கொண்டுபோய்விடுகிறது. நாலு அணு கொடுத்த சாட்சியத்தின்பேரில் நூறு கோடி அணுக்கள் தீர்ப்புப் பெறுகின்றன. கறுப்பு வெள்ளை நெகடிவில் நாம் காணும் கறுப்பு, மையன்று, சாயமன்று. அசல் வெள்ளி உலோகம். கொலுசிலும் குத்துவிளக்குத் தட்டிலும் இருக்கும் அதே வெள்ளிதான், மிக நுண்ணிய பொடியாக இருப்பதால் ஒளியைத் திருப்பி அனுப்ப மாட்டாமல் கறுத்துத் தெரிகிறது.

வெள்ளி எளிதில் அழியாது. அப்படியானால் டின்னில் கெட்டது எது? வெள்ளியைத் தாங்கி நின்ற பிலிம்தான் கெட்டது.

ஆரம்பத்தில் பிலிம் செய்யப் பயன்பட்டது நைட்ரேட் என்னும் பொருள். அது பற்றினால், தனக்கு வேண்டிய பிராணவாயுவைத் தன்னிடத்திலேயே வைத்திருப்பதால், தண்ணீருக்குள் அமிழ்த்தினாலும் அணையாது எரியும். அதன் உற்பத்தியைக் கோடக் கம்பெனி 1951-இல் நிறுத்திவிட்டது. அதற்குப் பதிலாக வந்தது, பஞ்சு, மரக்கூழ் ஆகியவற்றின் சாரமான செல்லுலோஸோடு அசெட்டிக் அமிலத்தைச் சேர்த்துச் செய்த அசெட்டேட் பிலிம். தீப்பிடிக்காத பிலிம் இது என்று அறிவிப்பதற்காகவே, விளிம்பில் ‘சேஃப்டி’ என்று ஆங்கில எழுத்தில் அச்சிடுவார்கள். பழைய நெகடிவைக் கையில் எடுக்கிறவர்கள் முதலில் தேட வேண்டியது அந்தச் சொல்லைத்தான். பெரியப்பாவின் பிலிம்களில் அது இருந்தது. ஆனால் நெருப்பிலிருந்து காப்பாற்றிய அந்தப் பொருள், நீரிடமிருந்து தன்னைக் காப்பாற்றிக்கொள்ளவில்லை. காற்றிலுள்ள ஈரமும் வெப்பமும் சேர்ந்து, செல்லுலோஸோடு பிணைந்திருக்கும் அமிலத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கழற்றி விடுகின்றன. கழன்று வந்த அசெட்டிக் அமிலம்தான் காடிக்கும் வினிகருக்கும் நெடியைக் கொடுப்பது. விபரீதம் அதோடு நிற்பதில்லை. விடுபட்ட அமிலம், மேலும் அமிலம் விடுபடுவதைத் துரிதப்படுத்துகிறது. வட்டிக்கு வட்டி ஏறுவது போல, தொடக்கத்தில் மந்தமாகப் போய்க்கொண்டிருந்த சிதைவு ஓர் எல்லையைக் கடந்ததும் தலைதெறிக்க ஓடுகிறது. மூடியை இறுக்கி அடைத்தால் ஆவி வெளியேற வழியின்றி உள்ளேயே சுழன்று அந்த ஓட்டத்தை முடுக்குகிறது. பெரியம்மாவின் பிளாஸ்திரி செய்த காரியம் இதுவே. காகித உறை செய்த உபகாரம், மூச்சுவிட இடம் கொடுத்தது.

இந்த நோயின் சரித்திரத்தில் நம் நாட்டுக்கு ஓர் இடம் உண்டு என்பதைப் படித்தபோது திடுக்கிட்டேன். அசெட்டேட் பிலிமில் டிரை அசெட்டேட் என்னும் வகை 1948-இல் சந்தைக்கு வந்தது. அது வந்த பத்தாண்டுக்குள்ளேயே, பிலிம் கெட்டுப் போகிறது என்று கோடக் கம்பெனிக்குப் போய்ச் சேர்ந்த முதல் புகார், உஷ்ணமும் ஈரமும் மிகுந்த இடத்தில் பிலிம்களை வைத்திருந்த இந்திய அரசாங்கத்திடமிருந்து போனதுதான். குளிர்தேசத்தார் ஒரு தலைமுறை கழித்து உணர்ந்த நோயை நம் தட்பவெப்பம் முந்திக்கொண்டு காட்டிவிட்டது. அமெரிக்காவில் ராச்செஸ்டர் நகரத்திலுள்ள பிம்ப நிலைப்பு ஆராய்ச்சி நிலையம் கணித்துள்ளபடி, 21 செல்சியஸ் பாகை வெப்பமும் 50 சதவீத ஈரப்பதமும் உள்ள அறையில், புது அசெட்டேட் பிலிம் அந்த ஆபத்தான எல்லையைத் தொட ஏறத்தாழ 40 ஆண்டுகள் பிடிக்கும். வெப்பம் ஐந்தாறு பாகை குறைந்தால் ஆயுள் ஏறத்தாழ இரட்டிக்கும். அதே கணக்கைத் திருப்பிப் போட்டால், 30 பாகையில் அந்த 40 ஆண்டு, பன்னிரண்டு பதின்மூன்றாகச் சுருங்குகிறது. புதுவையின் கடற்காற்றில் 50 சதவீத ஈரம் என்பது அபூர்வம். கோடையில் ஓட்டுக்கும் தளத்துக்கும் அடியிலுள்ள பரணின் உஷ்ணம் 30 பாகையோடு நிற்பதும் இல்லை. எல்லையைத் தொட்டவுடன் படம் அழிந்துவிடுவதில்லை என்பது ஒன்றே ஆறுதல். அதன் பிறகு பிலிம் சுருங்கத் தொடங்குகிறது, மேலுள்ள ஜெலட்டின் சுருங்க மறுக்கிறது, இரண்டுக்கும் நடக்கும் பிணக்கில் படலம் வெடித்து, உழவுசால் போல வரி வரியாக மேலெழும்புகிறது. டின்னின் அடியில் இருந்த சில துண்டுகள் அந்தக் கதியை அடைந்திருந்தன.

வர்ண நெகடிவின் கதை வேறு. அதில் வெள்ளி தன் வேலையை முடித்தபின் அகற்றப்பட்டு, மூன்று அடுக்குகளில் மூன்று சாயங்கள் மட்டுமே தங்குகின்றன. சாயம் வெளிச்சத்தில் மட்டுமல்ல, இருட்டிலும் வெளுக்கும். ஆகையால் 1970-களுக்குப் பிந்திய வர்ண நெகடிவ் வைத்திருப்பவர்கள், தங்களுடையவை அண்மைக் காலத்தவை என்று அசட்டையாக இருப்பதற்கில்லை. பூஞ்சையோ கறுப்பு வெள்ளை, வர்ணம் என்ற பேதம் பார்ப்பதில்லை. இரண்டிலும் இருப்பது ஜெலட்டின், அதற்கு அது உணவு.

லாஸ்பேட்டையிலிருந்து கடற்கரையை நோக்கிப் போனால், செயின்ட் லூயி வீதியில் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் இருக்கிறது. 1954 நவம்பர் 1-இல் புதுவையின் ஆட்சி கைமாறியதற்கு மறு ஆண்டே, ழான் ஃபிலியோசா என்னும் சம்ஸ்கிருத அறிஞரின் தலைமையில் தொடங்கப்பட்ட நிறுவனம் அது. அங்குள்ள சைவச் சுவடிகளை யுனெஸ்கோ 2005-இல் உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது பலருக்குத் தெரியும். அதே நிறுவனம் 1956 முதல் தென்னாட்டுக் கோயில்களை ஊர் ஊராகச் சென்று படம் பிடித்து, ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட படங்களைக் கோயில்வாரியாகவும் மூர்த்திவாரியாகவும் அடுக்கி வைத்திருப்பது அவ்வளவாகப் பலருக்குத் தெரியாது. சிற்ப சாஸ்திர ஆராய்ச்சிக்காகவே அப்படங்கள் எடுக்கப்பட்டன. ஆனால் அரியலூர் மாவட்டத்து ஸ்ரீபுரந்தான் கோயிலின் நடராஜரும், விருத்தாசலம் கோயிலின் அர்த்தநாரீஸ்வரரும் களவு போய்க் கடல் கடந்து ஆஸ்திரேலியாவின் கான்பெரா, சிட்னி நகரக் கலைக்கூடங்களில் வீற்றிருந்தபோது, இவை எங்கள் ஊர் மூர்த்திகள் என்று நிரூபிக்க உதவியவை இந்தக் கோப்பில் உறங்கிக் கிடந்த படங்களே. 2014 செப்டம்பரில் இரண்டும் இந்தியாவிடம் ஒப்படைக்கப்பட்டன. படம் எடுத்தவர்கள் இப்படி ஒரு நாள் வரும் என்று எண்ணியிருக்க மாட்டார்கள். கோயிலுக்குச் சாட்சி சொல்ல எடுத்த படமல்ல அது. கண்முன் இருந்ததை உள்ளபடி எடுத்து, எடுத்ததை அழியாமல் வைத்ததனால் சாட்சியாயிற்று.

கோயில்களோடு அந்த நிறுவனம் நிற்கவில்லை. தமிழ்நாட்டுப் பழைய போட்டோ ஸ்டூடியோக்களில் எஞ்சியிருந்த கண்ணாடித் தகடுகளையும் பிலிம் நெகடிவ்களையும் குடும்பப் படங்களையும், லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தின் அழிவுநிலை ஆவணத் திட்டத்தின் உதவியோடு, ஸோயே ஹெட்லி என்னும் மானிடவியல் அறிஞரும் குழுவினரும் தேடித் தேடி எண்மப் பிரதி எடுத்திருக்கிறார்கள். மூலப் பொருள் அது பிறந்த நாட்டை விட்டு வெளியே போகக் கூடாது, பிரதி மட்டுமே போகலாம் என்பது அத்திட்டத்தின் நியதி. இந்த நியதியை நான் மனமார மெச்சுகிறேன். ஸ்டூடியோ ஒன்று மூடப்படும் நாளில், பெஞ்சும் திரைச்சீலையும் விலை போக, நெகடிவ் பெட்டிகள் எடைக்குப் போவதை என் கண்ணாலேயே கண்டிருக்கிறேன். ஒரு பேட்டையின் கல்யாணங்களும் காதுகுத்துகளும் அந்த எடையில் அடங்கியிருந்தன.

இனி, வீட்டில் செய்த வேலைக்கு வருகிறேன். என் பாட்டி திண்ணையில் உட்கார்ந்திருக்கும் படம் ஒன்று எங்கள் வீட்டுக் கூடத்தில் அறுபது ஆண்டுகளாகத் தொங்குகிறது. டவுனில் நாங்கள் அப்போது குடியிருந்த வீட்டில் பெரியப்பா எடுத்தது. பாட்டியின் முகம் தெளிவாக இருக்கும். அவர் பின்னால் தெரு இருக்க வேண்டிய இடம் சுண்ணாம்பு அடித்தது போல வெறும் வெள்ளையாக இருக்கும். அதன் நெகடிவ் டின்னில் அகப்பட்டது. முதலில் அவசரப்பட்டு ஒரு கடையில் கொடுத்து ஸ்கேன் எடுத்ததில், அதே பாட்டி, அதே வெள்ளைத் தெரு. ஆனால் நெகடிவை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பூதக்கண்ணாடியால் பார்த்தபோது, தெரு இருந்த கறுத்த பகுதிக்குள் ஏதோ நிழலாடியது. அங்கே என்ன இருக்கிறது, அது ஏன் பிரிண்டிலும் வரவில்லை, ஸ்கேனிலும் வரவில்லை என்ற கேள்விதான் என்னை இந்த சாஸ்திரத்துக்குள் இழுத்துக்கொண்டு போயிற்று.

பிலிமின் கறுப்பை அளப்பதற்கு அடர்த்தி என்று ஓர் அளவு உண்டு. விழுந்த ஒளியில் பத்தில் ஒரு பங்கு கடந்து வந்தால் அடர்த்தி 1. நூறில் ஒரு பங்கானால் 2. ஆயிரத்தில் ஒரு பங்கானால் 3. வெயில் பட்ட தெரு நெகடிவில் மிகக் கறுத்து, 2.4 என்ற அடர்த்தியில் இருக்கிறதென்று வைத்துக்கொள்வோம். அந்த இடத்தைக் கடந்து வருவது 250-இல் ஒரு பங்கு ஒளி. சாதாரணமாகக் கடைகளில் எடுத்துத் தரும் ஜேபெக் கோப்பு 8 பிட் கோப்பு. முழு இருளிலிருந்து முழு வெளிச்சம் வரை 256 படிகள்தாம் அதற்கு உண்டு. உணர்கருவி பெறும் ஒளியை அப்படியே அந்தப் படிகளில் நிறுத்தினால், தெரு முழுவதற்கும், அதன் வீடுகள், மரங்கள், மனிதர்கள் எல்லோருக்கும் சேர்த்து, கிடைப்பது ஒரே ஒரு படி. ஒரு படியில் எல்லோரும் நின்றால் யார் யாரென்று எப்படித் தெரியும்? 16 பிட்டில் அளந்தால் மொத்தம் 65,536 படிகள். அதே தெருவுக்கு 260-க்கும் மேல் கிடைக்கும். பிரிண்ட் காகிதத்துக்கும் இதே சங்கடம்தான். பாட்டியின் முகத்தைத் துலக்கிக் காட்ட வேண்டிய அளவு வெளிச்சத்தை ஸ்டூடியோக்காரர் காகிதத்துக்குக் கொடுத்தபோது, தெருவின் கறுப்பை ஊடுருவி வந்த ஒளி காகிதத்தில் தடம் பதிக்கப் போதவில்லை. அவர் தவறு செய்யவில்லை, முகத்தைத் தேர்ந்துகொண்டார். நெகடிவ் மூலம் என்றால் பிரிண்ட் அதற்கு ஒருவர் எழுதிய உரை. உரையாசிரியர் தமக்கு முக்கியமென்று பட்டதை விரித்து மற்றதை விட்டுவிடுவார். மூலம் கையில் இருக்கும்போது உரையை மட்டும் பெயர்த்தெழுதி வைப்பது நியாயமாகாது.

நண்பர் ஒருவரிடம் இரவல் வாங்கிய பிலிம் ஸ்கேனரில் அந்த நெகடிவை 16 பிட்டில், அங்குலத்துக்கு 4000 புள்ளி வீதம் எடுத்தேன். 35 மில்லிமீட்டர் பிலிமில் ஒரு படத்தின் அளவு 24-க்கு 36 மில்லிமீட்டர். அந்த வீதத்தில் 2 கோடியே 14 லட்சம் புள்ளிகள், ஒவ்வொரு புள்ளியும் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஆறு பங்கு. கறுப்பு வெள்ளைப் படமாக வைத்தால் ஒரு கோப்பு ஏறத்தாழ 43 மெகாபைட். இதற்கு மேலும் புள்ளிகளைப் பெருக்கினால் பலன் உண்டோ என்றால், பெரும்பாலும் இல்லை. லென்ஸ் பிலிமுக்குக் கொடுக்காத விவரத்தை ஸ்கேனர் எங்கிருந்து கொண்டுவரும்? சில மேசை ஸ்கேனர்களின் அட்டைப்பெட்டியில் அச்சிட்டிருக்கும் பெரிய எண்களைக் கண்டு மயங்க வேண்டாம். அவற்றின் மெய்யான திறன் அதில் பாதிகூட இராமல் போவதுண்டு. கிளிக் 3 காமிராவின் லென்ஸோ மிக எளியது. தகப்பனாரின் சதுர நெகடிவ்களை, ஒளிமேசையின்மீது வைத்து, அண்மைப்பட லென்ஸ் பொருத்திய டிஜிட்டல் காமிராவாலேயே எடுத்தேன். அதுவே தாராளம்.

அளந்த எண்களை நேர்ப்படமாக்குவதில் ஒரு சூட்சுமம் உண்டு. வெள்ளையைக் கறுப்பாகவும் கறுப்பை வெள்ளையாகவும் திருப்பிவிட்டால் போதுமென்று தோன்றும். ஆனால் பிலிமின் அடர்த்தி, பட்ட ஒளியின் மடக்கை விகிதத்தில் ஏறுகிறது. ஹர்ட்டர், டிரிஃபீல்டு என்னும் இருவர் 1890-இல் வெளியிட்ட வளைகோடு இதைக் காட்டிற்று. ஆகவே எண்களை முதலில் அடர்த்தியாக மாற்றி, பிறகு திருப்பி, பிறகு வளைகோட்டைச் சீர்ப்படுத்தினால்தான் முகத்தின் மாநிறம் மாநிறமாக இருக்கும். வர்ண நெகடிவில் இன்னொரு சிக்கல்: பிலிம் முழுவதும் ஆரஞ்சு நிறமாக இருக்கும். சாயங்கள் தாம் தடுக்க வேண்டிய நிறத்தோடு பக்கத்து நிறத்தையும் சற்றுத் தடுப்பதால் வரும் பிழையை ஈடு செய்யவே அந்த ஆரஞ்சை வேண்டுமென்று சேர்த்திருக்கிறார்கள். படம் விழாத விளிம்பை அளந்து அந்த நிறத்தைக் கழித்துவிட வேண்டும். தூசியைத் தானே நீக்கும் ஸ்கேனர்கள் அகச்சிவப்பு ஒளியை உபயோகிக்கின்றன. சாயம் அந்த ஒளிக்கு வழி விடும், தூசி விடாது. எங்கே தடைபட்டதோ அங்கே தூசி என்று அறிந்து நிரப்பிவிடும். கறுப்பு வெள்ளை நெகடிவில் இந்த வசதியைப் போடக் கூடாது. வெள்ளியும் அகச்சிவப்பைத் தடுப்பதால், அது பாட்டியையே தூசி என்று எண்ணிவிடும்.

கையால் செய்யும் வேலையில்தான் பொறுமை அதிகம் வேண்டும். நெடி அடிப்பவற்றை நெடி அடிக்காதவற்றிலிருந்து உடனே பிரித்துவிட வேண்டும், ஏனெனில் அமில ஆவி பக்கத்துப் பிலிமையும் பற்றும். ஈரமாக உள்ளதைத் துடைக்கலாகாது. ஊறிய ஜெலட்டின் விரல் பட்டால் வழித்துக்கொண்டு வரும். காற்றோட்டமான நிழலில் உலர்த்தி, ரப்பர் ஊதியால் தூசியை ஊதி, மெல்லிய தூரிகையால் ஒரே திசையில் தடவினால் போதும். பளபளப்பான பக்கம் பிலிமின் முதுகு, மங்கலான பக்கம் படம் இருக்கும் பக்கம். விளிம்பில் உள்ள எண்கள் நேராகப் படிக்க வருகிறபடி வைத்தால் இடம் வலம் மாறாது. பெரியப்பாவின் சைகோன் கடைவீதிப் படம் ஒன்றை நான் முதலில் திருப்பிப் போட்டு, கடைப் பலகை புரியாததற்கு வியத்நாம் மொழி தெரியாததே காரணமென்று ஒரு வாரம் இருந்துவிட்டேன்.

பாட்டி படத்தின் கோப்பைக் கணினித் திரையில் விரித்து, கறுத்த பகுதியின் படிகளை மெல்ல மெல்லப் பிரித்தபோது தெரு வந்தது. எதிர்வீட்டு மாடத்து மரக்கம்பிகள் முதலில் தோன்றின. பிறகு ஒரு மாட்டுவண்டியின் நுகத்தடி. பிறகு சுவரில் பதித்த தெருப் பெயர்ப் பலகை. பலகையின் மேல்வரியில் தெரு என்பதற்குரிய ‘ரூ’ என்ற பிரெஞ்சுச் சொல்லின் மூன்று எழுத்துகள் துலக்கமாக நின்றன. கீழ்வரியில் ‘வீதி’ என்ற தமிழ்ச் சொல் பாதி தெரிந்தது. எங்கள் குடும்பம் அப்போது எந்தத் தெருவில் இருந்தது என்பதில் இரண்டு அத்தைமார்க்கு இடையே முப்பது ஆண்டு வழக்கு உண்டு. மூத்த அத்தையைத் தொலைக்காட்சிப் பெட்டியின் முன் உட்கார்த்திப் படத்தைப் பெரிதாகக் காட்டினேன். அவர் பலகையைப் பார்க்கவே இல்லை. வண்டிக்குப் பக்கத்தில், நான் தூண் என்று நினைத்திருந்த நிழலைக் காட்டி, “இது தண்ணி ஊத்துற ஆயா. தினம் காலையில ரெண்டு குடம் கொண்டாந்து ஊத்தும்” என்றார். அந்தப் பெயரையும் கோப்போடு எழுதி வைத்திருக்கிறேன். யார், எங்கே, எந்த ஆண்டு என்பதைச் சொல்லக்கூடியவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதிவிட வேண்டும். அந்த விவரம் எந்தப் பிலிமிலும் பதிவதில்லை.

கோப்புகளை அமுக்கிச் சுருக்காமல் டிஃப் வடிவில் வைத்து, மூன்று பிரதிகள் எடுத்து, ஒன்றை வேறு ஊரிலுள்ள தங்கை வீட்டில் கொடுத்திருக்கிறேன். புயல் ஒரே இரவில் ஓர் ஊரின் எல்லா வீட்டையும் நனைத்துவிடும். ஹார்ட் டிஸ்க் ஐந்தாறு ஆண்டுகளுக்கு மேல் நம்பத்தக்கதன்று. முன்னோர் செல்லரித்த ஏட்டைப் புது ஏட்டில் பெயர்த்தெழுதியது போல, இதையும் புதுத் தட்டுக்கு மாற்றிக்கொண்டே வரவேண்டும். நெகடிவ்களை எறியலாமே என்று சிலர் கேட்கிறார்கள். எறிய மாட்டேன். நாளைக்கு இதைவிட நுட்பமான ஸ்கேனர் வரலாம். மின்சாரமும் மென்பொருளும் இல்லாவிட்டாலும், ஜன்னலுக்கு நேரே பிடித்தால் நெகடிவ் தன்னைக் காட்டிவிடும்.

டின்னில் இருந்த பத்தொன்பது ரோல்களில் ஆறு ரோல் சுருங்கி வளைந்து, ஸ்கேனருக்குள் போக மறுத்துவிட்டன. வலிந்து நிமிர்த்தினால் ஒடியும் என்பதால் அவற்றை அப்படியே அமிலமற்ற காகிதத்தில் தனித்தனியாகச் சுற்றி, மற்ற நெகடிவ்களிலிருந்து விலக்கி வைத்திருக்கிறேன். பத்து ஆண்டுகளுக்கு முன் அந்த டின்னைத் திறந்திருந்தால் அவையும் வந்திருக்கும். உங்கள் வீட்டுப் பரணில் அப்படி ஒரு டின் இருந்தால், இந்தக் கோடை தொடங்குமுன் அதை இறக்கித் திறந்து முகர்ந்து பாருங்கள். காடி நெடி அடித்தால், மூடியை மறுபடியும் மூடாதீர்கள்.